சன்ரூஃப் வேண்டாம், பின் டிஸ்க் பிரேக் மட்டும் போதும் என்றால்?

12 அக்டோபர் 2025

ஓசூர் வாசகர் கேட்டிருப்பது, கொஞ்சம் சுருக்கி:

"ஜிஎஸ்டி குறைந்ததும் கார் புக் பண்ணப் போனேன். எனக்கு வேண்டியது ஆட்டோமேட்டிக் கியர், பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பச்சைக் கலர். பின் டிஸ்க் வேண்டுமென்றால் மேல் வேரியன்ட்டுக்குப் போகணும் சார் என்றார்கள். அதில் சன்ரூஃப், தோல் சீட், எட்டு ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து வருகிறது, பச்சை மட்டும் வரவில்லை. அந்தக் காலத்தில் அம்பாசடர் வாங்கியவர்கள் வேண்டியதைச் சொல்லிச் செய்து வாங்கினார்கள் என்கிறார் அப்பா. நிஜமா?"

உங்கள் அப்பா சொல்வது பாதி சரி. சொல்லிச் செய்து வாங்கினார்கள். ஆனால் கார் கம்பெனியிடம் சொல்லவில்லை. கம்பெனியிடம் சொல்ல முடிந்தது "எனக்கும் ஒன்று" என்பது மட்டும்தான். கார் யாருக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்பதற்கே 1959ல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டிருந்தது. முன்பணம் கட்டி, பதிவேட்டில் பெயர் ஏறி, வரிசை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வரிசை வந்த அன்று டீலரிடம் எந்தக் கலர் நிற்கிறதோ அதுதான் உங்களுக்குப் பிடித்த கலர்.

ஆர்டர் கொடுப்பது வண்டி கைக்கு வந்தபிறகு ஆரம்பிக்கும். சேலத்தில் எங்கள் அப்பா வாடகைக்கு ஓட்டிய அம்பாசடர் டீலரிடமிருந்து கிளம்பி முதலில் நின்ற இடம் சீட் கடை. அப்புறம் எலக்ட்ரீஷியன், அப்புறம் கேரியர் அடிக்கும் பட்டறை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் கியர் கம்பியைத் தரைக்கு மாற்றுவது, முன் நீள சீட்டை இரண்டாகப் பிரிப்பது, டாஷ்போர்டில் ஃபேன், கதவில் இரண்டாவது கண்ணாடி என்று பட்டியல் போகும். எங்கள் அப்பா முன் சீட்டைப் பிரிக்கவில்லை. டிரைவர் பக்கத்தில் இன்னும் இரண்டு பேரை ஏற்றலாம் என்பதுதான் அந்த சீட்டின் மதிப்பே. சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்கள்தான் பிரித்தார்கள். பெட்ரோல் எஞ்சினையே கழற்றிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை இறக்கியவர்களும் ஊரில் உண்டு.

12 அக்டோபர், இரவு

"மாருதி வந்ததும் மாறியிருக்குமே" என்று ஒருவர். காத்திருக்கும் காலம் குறைந்தது, தேர்வு பெரிதாகக் கூடவில்லை. 1983ல் 10,000 ரூபாய் கட்டி லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் புக் செய்தார்கள். அந்த டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தார். அவ்வளவு பேர் வரிசையில் நிற்கும்போது எந்தக் கம்பெனி "உங்களுக்கு எப்படி வேண்டும்" என்று கேட்கும்? ஏசி உண்டா இல்லையா, இருக்கிற கலரில் எது, இரண்டு கேள்வியோடு ஃபாரம் முடிந்தது.

14 அக்டோபர்

ஒரே மாடலைக் கீழ், நடு, மேல் என்று அடுக்கும் வேரியன்ட் என்ற படிக்கட்டு எப்போது வந்தது என்று தேடிப் பார்த்தால், தொண்ணூறுகளில் போட்டி வந்த கையோடு வந்திருக்கிறது. மாருதி எஸ்டீமில் எல்எக்ஸ், விஎக்ஸ், ஏஎக்ஸ். டாடா இண்டிகாவில் டிஎல்இ, டிஎல்எஸ், டிஎல்எக்ஸ். இண்டிகாவுக்கு 1999 ஜனவரியில் முழு விலையையும் முன்னாடியே கட்டி ஒரு லட்சத்துக்கு மேல் புக்கிங். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். டிஎல்இக்குக் கட்டினேன், அதில் ஏசி கிடையாது. வெளியே மாட்டிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னதை நானும் நம்பினேன். மாட்டியும் விட்டேன். கொல்லிமலை ஏறும்போது ஏசியை அணைக்க வேண்டும், இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம். அதைச் சொன்ன மெக்கானிக் ஏதோ கூடுதல் வசதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

படிக்கட்டு கம்பெனிக்கு ஏன் பிடிக்கிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. பத்து ஆப்ஷனைத் தனித்தனியாக விட்டால், வேண்டும் வேண்டாம் என்று ஆயிரத்துச் சொச்சம் விதமான கார் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் வயரிங் வேறு, சான்றிதழ்ப் பத்திரம் வேறு, டீலர் யார்டில் நிறுத்த வேண்டிய வண்டி வேறு. நான்கு படியாக அடுக்கிவிட்டால் நான்கு விதம்தான். அதோடு மேல் படியில் இருக்கும் ஒரே ஒரு பொருளுக்காக நம்மை அங்கே ஏற்றிவிடலாம். கேபிள்காரர் ஒரு சேனலுக்காக முப்பது சேனலைத் தலையில் கட்டிய மாதிரி.

14 அக்டோபர், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு விஷயத்தை லேசாகக் கடந்துவிட்டேன். தோல் சீட்டையும் ஸ்பீக்கரையும் மேல் படியில் வைப்பது வியாபாரம். ஏர்பேக்கையும், சக்கரம் இறுகாமல் பிரேக் பிடிக்க வைக்கும் ஏபிஎஸ்ஸையும் அங்கே வைத்தது வேறு கதை.

நம் ஊரில் பத்து வருஷத்துக்கும் மேல் அப்படித்தான் இருந்தது. சில மாடல்களில் கீழ் வேரியன்ட் பெயருக்குப் பின்னால் "ஓ" என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். ஆப்ஷனல் என்று அர்த்தம். காகிதத்தில் நீங்கள் கேட்கும் அதே வண்டி, ஏர்பேக்கோடு. ஷோரூமில் கேட்டால் "அது மூவ் ஆகாது சார், வர ரொம்ப நாள் ஆகும்" என்பார்கள். தனியாக ஆர்டர் கொடுக்க இந்தியாவில் நிஜமாகவே ஒரு வழி இருந்தது, ஆனால் அந்த வழியில் போக யாரும் விடவில்லை. என் தங்கைக்குக் கார் எடுத்தபோது ஒரு டீலரிடம் பிடிவாதமாக நின்றோம். புக்கிங் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் வாரா வாரம் போன் செய்து, ஓ இல்லாத வண்டி நாளைக்கே இருக்கிறது, மேட் இலவசம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மேட்டோடுதான் வந்தோம்.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்து வெளியிட்ட முடிவு ஞாபகம் இருக்கும். ஃபோக்ஸ்வேகன் போலோவில் ஏர்பேக் இல்லாத வண்டிக்கு பூஜ்யம், ஏர்பேக் இருந்ததற்கு நான்கு நட்சத்திரம். ஃபோக்ஸ்வேகன் உடனே ஏர்பேக் இல்லாததை விற்பதையே நிறுத்தியது. மற்றவர்களை நிறுத்த சட்டம் வரவேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில் ஏபிஎஸ், அதே ஜூலையில் டிரைவர் ஏர்பேக், 2021 கடைசியில் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் என்று ஒவ்வொன்றாகக் கட்டாயமானது. எனக்குத் தேர்வு பிடிக்கும், ஆனால் இந்தத் தேர்வு ஒழிந்ததில் துக்கம் இல்லை.

19 அக்டோபர்

டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கும் வாசகர், "அமெரிக்காவில் அறுபதுகளில் நிஜமாகவே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். டீலர் மேஜையில் ஃபாரம் வைத்து எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் விகிதம், ரேடியோ வேண்டுமா, பவர் ஸ்டீயரிங் வேண்டுமா என்று டிக் போட்டு அனுப்பினால், அதைப் பார்த்து ஒரு வண்டி கட்டுவார்கள். எந்த வண்டிக்கு என்ன மாட்டவேண்டும் என்று அச்சடித்த தாள் அசெம்பிளி லைனில் வண்டியோடு போகும். வேலை முடிந்ததும் சில தாள்கள் சீட் ஸ்பிரிங்கிலும் பெட்ரோல் டேங்க் மேலும் அப்படியே சிக்கிக்கொண்டன. இன்று பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் சீட்டைப் பிரித்ததும் முதலில் அந்தத் தாளைத்தான் தேடுகிறார்கள். கிடைத்தால் விலை ஏறும்.

அதைச் சுருக்கியதில் ஜப்பான்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கப்பலில் கடல் தாண்டி வரவேண்டிய காரை ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் கட்டிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு மூன்று விதமாக, எல்லாம் உள்ளே வைத்து அனுப்பினார்கள். தரமும் நன்றாக இருந்ததால் அமெரிக்கர்களும் ஸ்டாக்கில் நிற்பதை எடுத்துக்கொண்டு போகப் பழகினார்கள்.

நமக்கு அந்த முதல் கட்டமே நடக்கவில்லை. அதனால்தான் "அந்தக் காலத்தில் கிடைத்தது, இப்போது பிடுங்கிவிட்டார்கள்" என்ற புலம்பலில் எனக்கு ஒட்டுதல் இல்லை.

20 அக்டோபர்

தீபாவளி. இரண்டு வரிதான். வெள்ளைக் கார் வாங்கிப் பச்சை அடிக்கலாமா என்று கேட்டவருக்கு: ஆர்டிஓவிடம் சொல்லி ஆர்சியில் கலரை மாற்றி எழுதிக்கொண்டால் அடிக்கலாம். இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள். பட்டாசுப் புகையில் எல்லாக் காரும் சாம்பல் கலர்தான், அவசரப்பட வேண்டாம்.

23 அக்டோபர்

வரி பற்றி யாருமே பேசவில்லை, அதனால் நானே. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் காருக்கு ஆயுள் வரி நான்கு அடுக்கு. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

இப்போது கணக்குப் போடுங்கள். வண்டி 9.90 லட்சம் என்றால் வரி 1,28,700 ரூபாய். அதே வண்டியில் கம்பெனியே மாட்டும் 30,000 ரூபாய்ப் பொருள் ஒன்று சேர்ந்து 10.20 லட்சம் ஆனால் வரி 1,83,600. முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பத்தைந்தாயிரம் வரி. அதையே வண்டி வந்தபின் வெளியே மாட்டினால் அந்த ஐம்பத்தைந்து இல்லை. பத்து லட்சத்துக்குச் சற்றுக் கீழே இத்தனை வேரியன்ட் நெருக்கியடித்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இத்தனை வருஷம் ஓடுவதற்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்கும். கம்பெனி தராத ஆப்ஷன் லிஸ்ட் முழுவதும் அந்த ஒரு தெருவில் கிடைத்தது. சீட் கவர், ஸ்டீரியோ, பார்க்கிங் கேமரா, அலாய் சக்கரம், கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம், முன்னால் கம்பி பம்பர். ஃபிலிமை 2012ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. கம்பி பம்பர் 2017 டிசம்பரில் சட்டவிரோதம் ஆனது, ஏர்பேக் திறப்பதைக் குழப்பும் என்பதால். 2019 ஜனவரியில், வண்டியின் அமைப்பைக் கம்பெனி சொன்னதிலிருந்து மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை வைத்து இன்னொரு தீர்ப்பு. மிச்சத்தை வாரன்டி பார்த்துக்கொண்டது. வயரில் பிளேடு பட்டால் வாரன்டி போச்சு என்ற பயத்தில், இப்போது கடைக்காரரே "கப்ளர் டு கப்ளர் சார், வெட்ட மாட்டோம்" என்று சத்தியம் செய்கிறார்.

26 அக்டோபர்

நாமக்கல் வாசகர் ஒருவர் வந்து ஒரே வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்: "கார்காரங்க எல்லாம் ஆப்ஷன் ஆப்ஷன்னு பேசறீங்க, லாரி வாங்கிப் பாத்ததே இல்லையா?"

இந்த இழைக்கு வேண்டிய ஆள். இந்தியாவில் தனக்கு வேண்டியதைச் சொல்லி வண்டி வாங்கியவர் லாரிக்காரர் மட்டும்தான். இதை முதல் நாளே எழுதியிருக்கலாம், ஓசூர் வாசகர் பச்சைக் கார் பக்கம் இழுத்துவிட்டார்.

கம்பெனி விற்றது சேஸ் மட்டும். எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங், அவ்வளவுதான். கதவும் இல்லை, கூரையும் இல்லை. எண்ணூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வரும் சேஸ்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெறும் பலகையில் உட்கார்ந்து வருவார். மழையோ வெயிலோ அவருக்கு நேராக.

அது நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைக்குப் போகும். பஸ் என்றால் கரூர். அங்கே ஓனர் மேஸ்திரியோடு உட்கார்ந்து பேசுவார். பாடி எத்தனை அடி, பக்கப் பலகை எவ்வளவு உயரம், பின் கதவு எப்படித் திறக்க வேண்டும், தரைக்கு மரமா தகடா. நெல் ஏற்றுகிறவர் கேட்பது வேறு, கோழித் தீவனம் ஏற்றுகிறவர் கேட்பது வேறு, வடக்கே போகிறவர் கேட்பது வேறு. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் மச்சான் கேபினுக்காகத் தன் டிரைவரையே பட்டறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து அளவு எடுத்தார். படுக்கைப் பலகை அவர் உயரத்துக்கு. அடுப்பும் அரிசியும் வைக்கக் கீழே பெட்டி. தண்ணீர்க் கேன் எந்தப் பக்கம், சாமி படம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் பேசித்தான் முடிவானது. பெயிண்டர் கடைசியில் வருவார், அவரோடு தனியாக ஒரு பேரம்.

சொகுசுக் கார் வாங்குகிறவருக்குக்கூட இப்படி நடக்காது. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007லிருந்து பாகங்களைப் பூட்டி பிஎம்டபிள்யூ கார் செய்கிறார்கள். ஜெர்மனியில் அந்தக் காரை வாங்குகிறவர் தையல் நூலின் கலர்வரை சொல்லலாம். இங்கே பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து பூட்டப்படுவதால், அந்தப் பெட்டிக்குள் என்ன வந்ததோ அதுதான் ஆப்ஷன்.

26 அக்டோபர், இரவு

பட்டறையைப் புகழ்ந்து எழுதிய கையோடு செய்தியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த மாதம் 14ஆம் தேதி ஜெய்சல்மேர் அருகே ஒரு படுக்கை பஸ், 24ஆம் தேதி கர்னூல் அருகே இன்னொன்று, இரண்டும் எரிந்து எத்தனை உயிர். வெளியே கட்டிய, வெளியே மாற்றிய பாடி பற்றித்தான் எங்கும் பேச்சு. பஸ் பாடிக்கு ஏஐஎஸ் 052, படுக்கை பஸ்ஸுக்கு ஏஐஎஸ் 119 என்று விதி இருக்கிறது. அவசர வழி எங்கே, எவ்வளவு அகலம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. கரூரில் ஒழுங்காகச் சான்றிதழ் வாங்கிக் கட்டும் பட்டறைகள் இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஓனர் சொன்னபடி செய்து கொடுப்பதுதான் தொழில் என்னும்போது, இன்னும் நான்கு படுக்கை சேருமா என்று ஓனர் கேட்டால், முடியாது என்று யார் சொல்வது?

லாரியில் மச்சானும் டிரைவரும் பேசி முடிவு செய்ததை அனுபவித்தது அவர்களே. பஸ்ஸில் பேசுகிறவர் ஒருவர், படுக்கிறவர் வேறொருவர். நான் ஆப்ஷன் ஆப்ஷன் என்று ஆடுவது எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டால் இங்கேதான்.

2 நவம்பர்

பைக் பக்கம். ராயல் என்ஃபீல்டு 2020ல் மீட்டியோர் பைக்கைக் கொண்டுவந்தபோதே, கண்ணாடி, சீட், கம்பிகள் எல்லாவற்றையும் போனிலேயே தேர்ந்தெடுத்து ஆர்டர் போடலாம், தொழிற்சாலையிலேயே மாட்டி வரும், வாரன்டியும் உண்டு என்றார்கள். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் வண்டி, நமக்குப் பக்கத்து வீடு. யோசனை நல்லது. என் அண்ணன் மகன் ஒரு ஞாயிறு முழுக்கப் போனில் அதைப் போட்டுப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு ஷோரூம் போனான். அங்கே இருந்தவர் அதை ஆசையாகப் பார்த்துவிட்டு, "இதே கறுப்புல ஸ்டாக் இருக்கு, வேணுமா?" என்றார். எடுத்து வந்துவிட்டான்.

ஆன்லைனில் டிக் போடுவது பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. நாம் டிக் போட்டது கம்பெனிக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது டீலர் யார்டில் ஏற்கெனவே நிற்கும் வண்டியோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலைதான். பில் போடுவதற்கு முன் சேஸ் நம்பரை வாங்கி எந்த மாதம் தயாரானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். "எசென்ஷியல் கிட்" என்று ஒரு வரி இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை மேட்டும் மட்ஃபிளாப்பும் ஒரு சாவிக்கொத்தும்.

15 நவம்பர்

எலக்ட்ரிக் ஸ்கூட்டர்க்காரர்கள் விட்ட கூத்தை மறந்துவிட்டோம். மின்வண்டிகளுக்கு மத்திய அரசு தந்த ஃபேம் 2 மானியத்துக்கு வண்டி விலையில் உச்சவரம்பு இருந்தது. அதற்குள் நிற்க, சில கம்பெனிகள் சார்ஜரை "ஆப்ஷன்" ஆக்கித் தனி பில் போட்டன. சார்ஜர் இல்லாமல் அந்த ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2023ல் அமைச்சகம் பிடித்துக் கேட்டதும் ஓலா, ஏத்தர், டிவிஎஸ், ஹீரோ எல்லாம் சார்ஜர் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டன. ஆப்ஷன் என்ற பெயரில் பணம் வாங்கித் திரும்ப வந்தது எனக்குத் தெரிந்து இந்த ஒரு தடவைதான்.

இன்னொரு மாற்றமும் அங்கிருந்துதான் வருகிறது. பொருள் வண்டிக்குள்ளேயே இருக்கும், பணம் கட்டினால் திறக்கும். ஏத்தரில் ப்ரோ பேக் அப்படித்தான். பிஎம்டபிள்யூ வெளிநாடுகளில் சீட் சூட்டுக்கு மாதச் சந்தா கேட்டு, திட்டு வாங்கி, 2023ல் விட்டுவிட்டது. படிக்கட்டைவிட இது மோசமா என்று நானே இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தேன். வேண்டியதை மட்டும் வாங்கலாம், பிறகும் வாங்கலாம், நல்லதுதான். ஆனால் என் காசில் வாங்கிய வண்டிக்குள் எனக்குப் பூட்டு போட்ட ஓர் அறை இருப்பது உறுத்துகிறது. சேலத்து சீட் கடைக்காரர் சீட்டைத் தைத்துக் கொடுத்தால் அது நம்முடையது.

16 நவம்பர்

டெஸ்லா பற்றிக் கேட்டவருக்கு: இந்த ஜூலையில் மாடல் ஒய் வந்தபோது சாம்பல் கலருக்குக் கூடுதல் பணம் இல்லை, சிவப்பு வேண்டுமென்றால் 1.85 லட்சம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் சிவப்புக்கு மட்டும். எங்கள் பெயிண்டரிடம் சொன்னேன், "அவ்வளவுக்கு நான் லாரியே நாலு அடிப்பேன்" என்றார்.

7 டிசம்பர்

நாமக்கல் வாசகருக்கு: லாரி வைத்திருக்கும் மச்சானிடம் கேட்டேன். இந்த வருஷம் அவர் எடுத்தது கம்பெனி கேபினோடு வந்த லாரி. கேபின் கட்ட வேண்டிய வேலை இல்லை, பின்பக்க லோடு பாடி மட்டும் பட்டறையில். கேபினுக்கு மோதல் சோதனை உண்டு, படுக்கை உண்டு, சீட் முன்னே பின்னே நகர்கிறது. 2025லிருந்து பெரிய லாரி கேபினுக்கு ஏசியும் கட்டாயம். வண்டி வந்தவுடனே ரோட்டுக்கு விடலாம், பட்டறையில் வாரக்கணக்கில் நிற்கும்போதும் தவணை ஓடுமே என்ற கவலை பாதி போயிற்று. அடுப்புப் பெட்டிக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. சேஸ் பக்கவாட்டில் தனியாக ஒன்று அடித்துக்கொண்டார்கள்.

டிரைவர் ஏசி போடுவதில்லையாம். மிச்சம் பிடிக்கும் டீசலில் அவருக்குப் பங்கு உண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்.